உவர்மலையில இருந்து குச்சவெளிக்குத் தினமும் ஓட ஒரு ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக்: மாரி மழைக்கும் கச்சான் காத்து வெக்கைக்கும் எது தாங்கும்?

#1 உவர்மலைப்பொடியன்

வணக்கம் எல்லாருக்கும். இந்தப் பகுதியைக் கனகாலமாய் வாசிச்சு வாறன், கேள்வி போடுறது இப்பதான்.

வீடு திருகோணமலையில உவர்மலை, வேலை குச்சவெளி. காலமை வெளிக்கிட்டு உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம் எண்டு போய், பின்னேரம் அதே வழியால திரும்பினால் எழுபது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். மாசத்தில ஒருக்கால் கொழும்புப் பயணமும் இருக்கு. இப்ப ஓடுறது பழைய ஓல்ட்டோ. நல்லா உழைச்சுத் தந்த கார். ஆனால் இனி எடுக்கிறதை ஓட்டேக்க மனம் நிறையவேணும் எண்டு கன வருசத்து ஆசை. ஸ்டியறிங்கைத் திருப்பினால் உடன திரும்பவேணும், மிதிச்சால் இழுக்கவேணும். சின்னனில இருந்தே எனக்குக் கார் எண்டால் உயிர்.

வீட்டில ஒரு கார்தான் நிக்கும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போறது. மகனுக்கு நாலு வயசு. மனைவியின்ர லைசன்ஸ் ஒட்டோமற்றிக் கியர் (ஒட்டோ) காருக்கு மட்டும், அதால மெனுவல் கியர் பற்றிக் கதைக்கத் தேவையில்லை.

மனசில இருக்கிறது சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.4 டேர்போ, ஸ்விஃப்ட் ஆர்.எஸ்., ஹொண்டா ஃபிட் ஆர்.எஸ்., டொயோட்டா விட்ஸ் ஆர்.எஸ். எல்லாம் ஜப்பானில ஓடி இஞ்ச வந்த ரீகண்டிஷன் கார். பன்னிரண்டு மாசமும் ஓட, வீட்டாக்களும் முகம் சுளிக்காமல் ஏற, இதில எது நல்லம்? உயரமான எஸ்.யு.வி. எடுக்கச் சொல்லாதேங்கோ, அதில எனக்கு விருப்பமில்லை.

#2 ஆறாங்கியர்

ஸ்விஃப்ட் ஸ்போர்ட். வேற யோசிக்கவே வேணாம்.

2017க்குப் பிறகு வந்த 1.4 டேர்போவைத்தான் சொல்றன். 140 பி.எஸ். குதிரைவலு, 230 நியூட்டன் மீற்றர் டோர்க் (இழுவை). அந்த டோர்க் முழுக்க இஞ்சின் நிமிசத்துக்கு 2500 தரம் சுத்தேக்கயே (2500 ஆர்.பி.எம்.) வந்திடும். மெனுவல் 970 கிலோ, ஒட்டோ 990 கிலோ. உங்களுக்குத் தேவையான ஒட்டோ, கியர்ப் படி இல்லாமல் பெல்ட்டால ஓடுற சி.வி.டி. இல்லை, ஒழுங்கான 6 கியர் டோர்க் கொன்வேர்ட்டர் ஒட்டோ. மனைவியும் ஓட்டலாம், உங்களுக்கும் ஸ்டியறிங்குக்குப் பின்னால விரலால கியர் மாத்துற பெடல் ஷிஃப்ட் இருக்கு.

"எங்கட றோட்டில 70க்கு மேல ஓடேலாது, பிறகென்னத்துக்கு 140 பி.எஸ்.?" எண்டு கேக்க வருவினம். கந்தளாய் றோட்டில மண் ஏத்தின டிப்பருக்குப் பின்னால நிண்டு பாருங்கோ. முன்னால கொஞ்ச இடம்தான் வெளிச்சிருக்கும், எதிர்ப்பக்கம் பஸ் வந்துகொண்டிருக்கும். 45இல இருந்து 70க்குப் போக எடுக்கிற நேரம்தான் அங்க உயிர். சின்ன இஞ்சின் கத்திக் கத்தி ஏறுற நேரத்தில இது தாண்டி உங்கட பக்கம் வந்து நிண்டிடும். நான் இந்தக் காரைத் தினமும் டவுணுக்குள்ளயும் ஓடுறன், ஹபரணை தாண்டியும் ஓடுறன். பலம் கூடின சின்னக் கார் ஆபத்து எண்டு சொல்றதை நான் ஒருநாளும் ஏத்துக்கொள்ளமாட்டன்.

#3 தம்பலகாமத்தான்

எஸ்.யு.வி. சொல்லாதேங்கோ எண்டு எழுதியிருக்கிறீங்கள், சரி. ஆனா மார்கழியில எங்கட பக்கம் வந்து பாருங்கோ. குளம் வான் பாய்ஞ்சால் வயலும் றோட்டும் ஒண்டாகிடும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின்ர கிரவுண்ட் கிளியரன்ஸ், அடிக்கும் றோட்டுக்கும் உள்ள இடைவெளி, 120 மில்லிமீற்றர். அதோட நாலு பேர் ஏறினால் என்ன மிஞ்சும்? குடும்பத்துக்கு ஒரே காராக இதை எடுக்கிறது சரியில்லை எண்டதுதான் என்ர கருத்து.

#4 பாலையூற்று_கராஜ்

தம்பி, நான் கராஜ் வைச்சிருக்கிறவன். ஒருத்தருக்கும் கார் விக்கிறேல்லை, அதால எனக்கு ஒரு பிராண்டிலும் ஒட்டில்லை.

நீங்கள் இஞ்சினைப் பார்த்துக் கார் தேடுறீங்கள். உங்கட பட்டியலில இருக்கிற நாலு இஞ்சினும் நல்ல இஞ்சின், எண்ணெயை நேரத்துக்கு மாத்தினால் ஒண்டும் உங்களைக் கைவிடாது. தினமும் எழுபது கிலோமீற்றர் ஓடுற ஆளுக்குச் சுகத்தைத் தீர்மானிக்கிறது டயரின்ர சுவர். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு வாறது 195/45/17. அகலம் 195 மில்லி, ரிம் 17 இஞ்சி. 195இல 45 வீதம் எண்டால் சுவர் உயரம் 88 மில்லி. ஃபிட் ஆர்.எஸ்.க்கும் ஸ்விஃப்ட் ஆர்.எஸ்.க்கும் 185/55/16, அதின்ர சுவர் 102 மில்லி. 14 மில்லி வித்தியாசம்தானே எண்டு நினைப்பீங்கள். குழிக்குள்ள விழேக்க ரிம்முக்கும் தாருக்கும் இடையில இருக்கிறது அந்தக் காத்தும் ரப்பரும் மட்டும்தான். நிலாவெளி றோட்டு இப்ப நல்ல காப்பெற், அதில ரெண்டும் ஒண்டுதான். ஒழுங்கைக்குள்ள இறங்கினதும்தான் தெரியும். மழை விட்ட பிறகு தண்ணி நிண்டு கிடக்கிற குழியின்ர ஆழம் கண்ணுக்குத் தெரியாது. 17 இஞ்சி ரிம் வளைஞ்சு வாற கார்கள் என்னட்ட மாரி முடியத்தான் கூட வரும்.

அடுத்தது உப்பு. இதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை எண்டது எனக்கு ஆச்சரியம். உவர்மலையில கடல்காத்து, குச்சவெளியில அதைவிடக் கடல்காத்து, இடையில ஓடுற பாதையும் கடலோரம். ஜப்பானில பனி விழுற வடக்குப் பக்கம் றோட்டுக்கு உப்புப் போடுறவங்கள். அங்க ஓடின கார் மேல பளபளவெண்டு இருக்கும், தூக்கிப் பார்த்தால் பின் அக்ஸில் பீம், ஸ்பிரிங்கின்ர அடிச் சுத்து, பிரேக் பைப் கிளிப் எல்லாம் கறள். அந்தக் கறளை இஞ்ச கொண்டு வந்து திருகோணமலைக் காத்தில விட்டால் மிச்சத்தை இந்தக் காத்துப் பாத்துக்கொள்ளும். கார் எடுக்க முந்தி லிஃப்டில ஏத்தி அடியைப் பாருங்கோ. அடி முழுக்கப் புதுசாக் கறுப்புத் தார் அடிச்சிருந்தால் இன்னும் கவனம். கறளுக்கு மேல தார் பூசினால் ஈரம் உள்ளுக்கு அடைபட்டு வேகமாத் தின்னும்.

பெற்றோலையும் சொல்லிப்போடுறன். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு ஜப்பானில பிரிமியம் அடிக்கச் சொல்லியிருக்கு, அதால இஞ்ச ஒக்டேன் 95 பெற்றோல் அடிக்கவேணும். மற்ற மூண்டும் ஜப்பானில ரெகுலரில ஓடினது, 92 காணும். உங்கட ஓட்டத்துக்கு மாசக் கடைசியில இந்த வித்தியாசம் தெரியும்.

#5 நிலாவெளி_ரீச்சர்

நான் ஃபிட் ஆர்.எஸ். தான் வைத்திருக்கிறேன், சி.வி.டி. கியர், 2013இல் வந்த வடிவம். நிலாவெளியிலிருந்து டவுணுக்குத் தினமும் போய் வருகிறேன். தம்பி ஓடப்போகும் பாதையில் பாதி எனக்கும் பழக்கம்.

1500 சிசி, 132 பி.எஸ்., டேர்போ இல்லை. ஆறாங்கியர் சொல்லும் அந்த 2500 ஆர்.பி.எம். இழுவை இதில் கிடைக்காது. இதன் பலம் மேலேதான் இருக்கிறது, மிதித்தால் கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் போகும். ஆனால் ஸ்போர்ட் நிலையில் போட்டுப் பெடலால் கியரைக் கீழே இறக்கினால் முந்துவதற்கு எனக்கு ஒருநாளும் குறை வந்ததில்லை. வளைவில் உடம்பு சரியாது, ஸ்டியறிங் கனமாகவும் நேராகவும் இருக்கும். சாதாரண ஃபிட்டை ஓட்டிவிட்டு இதில் ஏறினால் வேறு கார் என்றே தோன்றும்.

வீட்டுக்கு ஒரே கார் என்றால் ஃபிட்டின் உள்ளிடத்துக்குக் கிட்ட ஸ்விஃப்ட் வராது. பெற்றோல் தாங்கி முன்சீற்றுக்குக் கீழே இருப்பதால் பின்சீற்றின் இருக்கைப் பலகையை அப்படியே மேலே மடித்து நிறுத்தலாம். என் மாமியாரின் சக்கர நாற்காலியை டிக்கியில் போடாமல், பின்கதவைத் திறந்து நிமிர்ந்தபடியே ஏற்றிவிடுவேன். ஸ்விஃப்டின் டிக்கி 265 லீற்றர்தான். கொழும்புப் பயணத்துக்கு நாலு பேரின் பை வைத்தால் நிரம்பிவிடும்.

குறையையும் சொல்கிறேன். முன் கண்ணாடி மிகப் பெரிது, டாஷ்போர்டு நீளம். ஆவணியில் பள்ளிக்கூட முற்றத்தில் நிறுத்திவிட்டு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தால் உள்ளே கை வைக்க முடியாது. கச்சான் அடிக்கும் மாதங்களில் ஏசி பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். பின்சீற்றுக்குத் தனி ஏசி வாயில் இல்லை. இது ஸ்விஃப்டுக்கும் விட்ஸுக்கும் பொருந்தும். முன்னால் இருக்கும் நடு வாயில்கள் இரண்டையும் மேல்நோக்கித் திருப்பிவிட்டால் குளிர் பின்னுக்குப் போய்ச் சேரும்.

#6 ஸ்காபரோத்_தமிழன்

நான் கனடாவில இருந்து எழுதுறன், சொந்த ஊர் சிவன்கோயிலடி. இங்க ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக்கை வருசம் முழுக்க ஓட்டுறவை எல்லாரும் முதல்ல பார்க்கிறது கோல்ஃப் ஜி.டி.ஐ. 2 லீற்றர் டேர்போ, உள்ளுக்கு அமைதி, ஷொக்கை மெதுவாவும் இறுக்கமாவும் மாத்துற டி.சி.சி. எண்ட வசதியும் எடுக்கலாம். நாங்கள் குளிருக்கு ஒரு செட் டயர், வெயிலுக்கு ஒரு செட் எண்டு வைச்சு மாத்துறம். நீங்களும் அப்பிடி ஐரோப்பாக் கார் ஒண்டைப் பார்க்கேலாதோ?

#7 பாலையூற்று_கராஜ்

அண்ணா, ஜி.டி.ஐ. அருமையான கார், அதில சந்தேகமில்லை. ஆனால் திருகோணமலையில ஒரு இஞ்சின் மவுண்ட் உடைஞ்சால் கொழும்பில இருந்து வரவேணும், கொழும்பில இல்லையெண்டால் கடல்கடந்து வரவேணும். அதுமட்டும் குச்சவெளிக்குப் பஸ்ஸில போகவேணும். 2 லீற்றர் இஞ்சினுக்கு இப்ப இறக்குமதி வரியும் சிசியோட சேர்ந்து ஏறும். தினமும் ஓட ஒரே கார் எண்டு கேக்கிற ஆளுக்கு நான் அதைச் சொல்லமாட்டன்.

டயர் விசயத்தில நீங்கள் சொன்னது எங்களுக்கும் உதவும். இஞ்ச பனியில்லை, ஆனால் ஐப்பசியில இருந்து தை மட்டும் வாடையோட மழை. ஸ்போர்ட் காருக்கு வாற டயர் சிலது காய்ஞ்ச றோட்டில பசையா ஒட்டும், தண்ணி நிண்டால் மிதக்கும். மழைக்கு நல்ல, தண்ணியை வெளியால தள்ளுற நீள வாய்க்கால் உள்ள டயரை எடுத்து வருசம் முழுக்க ஓடுறதுதான் எங்களுக்குச் சரி. டயரின்ர பக்கச் சுவரில நாலு இலக்கம் ஒண்டு அடிச்சிருக்கும். 2319 எண்டால் 2019ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது. தேயாமல் பூ நிறைய இருந்தாலும் அந்த டயரை நான் மாத்தச் சொல்லுவன். எங்கட வெயிலில ரப்பர் கட்டியாப் போயிடும், ஈரத்தில பிடிக்காது.

#8 கிண்ணியாக்_காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தம்பி.

நான் விட்ஸ் ஆர்.எஸ். ஓடுறவன், 1500 சிசி. இதில பெருசாச் சொல்ல ஒண்டுமில்ல. இஞ்சின் 109 பி.எஸ்., எந்தக் கராஜிலயும் பார்ட்ஸ் கிடைக்கும், ஓட்டமும் நல்லம். உள்ளுக்கு பிளாஸ்டிக் சாமான் மலிவு, நூறுல போனா சத்தம். ஆறாங்கியர் மாதிரி ஆக்களுக்கு இது காணாது.

நான் எழுத வந்தது வாங்கிற விசயம். 2020 பங்குனியில இறக்குமதி நிப்பாட்டி, 2025 மாசில தான் திரும்பத் திறந்தாங்க. அந்த அஞ்சு வருசமும் நாட்டுக்குள்ள இருந்த காருகள்தான் கை மாறி மாறி வந்திருக்கு. 2017, 2018 கார் ஒண்டு இப்ப நாலாவது ஆள்ட கையில இருக்கும், மீற்றர்ல மட்டும் அறுபதாயிரம் காட்டும். ஜப்பான் ஏலத் தாளைக் கேளுங்க. செஸி நம்பரை வெச்சு அந்தத் தாளை எடுக்கலாம், அதில ஏலம் போன அண்டைக்கு ஓடியிருந்த கிலோமீற்றர் இருக்கும், அடிபட்டுத் திருத்தின காரெண்டா ஆர் (R) எண்டு இங்கிலீசு எழுத்துப் போட்டிருக்கும். என்ட மச்சான் ஒருத்தருக்குக் காட்டின காரில இப்ப மீற்றர் காட்டினதை விட ஏலத் தாளில கூட இருந்திச்சு. பேசாம எழும்பி வந்துட்டம்.

அடுத்தது வெள்ளம். 2025 கார்த்திகைக் கடைசியில வந்த டித்வா புயலோட எத்தினை காருகள் தண்ணியில நிண்டிச்சு எண்டு நமக்குத் தெரியும். அதுகளும் கழுவிக் காயவெச்சு விலைக்கு வரும். சீற் பெல்ட்டை முடியும் வரைக்கும் வெளியால இழுத்துப் பாருங்க. கடைசி முழத்தில மண் நிறத்தில கோடு இருந்தா, அந்தளவுக்குத் தண்ணி ஏறியிருக்கு. சீற் ஓடுற தண்டவாளத்தின்ட அடியை ரோச் அடிச்சுப் பாருங்க, ஸ்பெயார் வீல் குழியில விரலை விட்டுத் தடவுங்க. கழுவுறவனுக்கு அந்த மூணு இடத்திலயும் கை போகாது.

#9 உவர்மலைப்பொடியன்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் நேரமெடுத்து எழுதுவீங்கள் எண்டு நினைக்கேல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒட்டோ பார்த்தன். கார் சொந்தக்காரர் நல்ல மனுசன், அம்மாவையும் ஏத்திக்கொண்டு ஓடிப் பார்க்க விட்டவர். உட்துறைமுக வீதியால போகேக்க எனக்கு வந்த சந்தோசத்தை எழுதேலாது. காலை வைச்சதும் போகுது, வைச்ச இடத்தில திரும்புது, முன்சீற் ரெண்டு பக்கமும் உடம்பைப் பிடிச்சுக்கொள்ளுது. ஆறாங்கியர் எழுதினதில ஒரு சொல்லும் கூட இல்லை.

அம்மாவின்ர பக்கம் வேற. பின்கதவுக்குக் கைபிடி வழமையான இடத்தில இல்லை, கண்ணாடிக்குப் பின்னால மேல தூணோட இருக்கு. அம்மா கதவில கையால தடவித் தேடிக்கொண்டு நிண்டவ. மகனுக்கு அது எட்டவே எட்டாது. ஏறேக்க குனியவேணும், இருந்தால் முழங்கால் மேல நிக்குது. எங்கட ஒழுங்கை வாசலில ஒரு மதகு இருக்கு, அதுக்கு முன்னால பெயின்ற் அடிக்காத வேகத்தடை. மெதுவா, சரிச்சுத்தான் ஏத்தினன். முன் பம்பர் தப்பீற்று, நடுவில எங்கையோ உரசிச்சுது. அம்மா ஒண்டும் சொல்லேல்லை, முன்சீற்றின்ர பின்பக்கத்தைக் கையால பிடிச்சுக்கொண்டு இருந்தவ. வீட்ட வந்து இறங்கேக்க "ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில போனாலும் எனக்குக் காணும் தம்பி" எண்டா.

இப்ப எனக்கு நித்திரை இல்லை. அந்தக் கார் எனக்கு அவ்வளவு பிடிச்சிட்டுது.

#10 ஆறாங்கியர்

பொடியன், உங்கட எழுத்தை வாசிக்க எனக்கே கவலையாப் போச்சு. விடாதேங்கோ, வழி இருக்கு. 17 இஞ்சி ரிம்மைக் கழட்டிப்போட்டு 16 போடலாம். ஸ்போர்ட்டுக்கு 5 துளை, 114.3 அளவு. அந்த அளவில 16 இஞ்சி ரிம் நாட்டில தாராளமாக் கிடைக்கும். சுவர் தடிச்ச டயர் போட்டால் குழிக் கதை பாதி முடிஞ்சுது. கைபிடி பழகும். முன்சீற்றில அம்மாவை இருத்துங்கோ, மனைவி பின்னால இருக்கட்டும்.

ஓட்டிப் பார்த்து உள்ளுக்குப் பிடிச்ச காரை விட்டுப்போட்டுப் புத்திக்காக இன்னொண்டை எடுத்தால், ஒவ்வொரு நாளும் குச்சவெளிக்குப் போகேக்க அது ஞாபகம் வரும். நாளுக்கு ரெண்டு மணித்தியாலம் அந்தச் சீற்றில இருக்கப்போறது நீங்கள்தானே.

#11 பாலையூற்று_கராஜ்

ஆறாங்கியர் சொன்ன டயர்க் கணக்குச் சரி. 195/45/17இன்ர முழு விட்டம் 607 மில்லி, 185/55/16இன்ர விட்டம் 610. ஸ்பீடோமீற்றர் பிசகாது. பாரம் தாங்கிற எண்ணும் 81இல இருந்து 83க்கு ஏறும், குறையாது. முன் பிரேக் கலிப்பருக்கு இடம் காணுமோ எண்டு மட்டும் காசு குடுக்க முந்தி ரிம்மை மாட்டிச் சுத்திப் பார்க்கவேணும். எல்லா 16 ரிம்மும் ஒரே வளைவில இல்லை.

ஆனால் தம்பி, விட்டம் மாறாது எண்டால் காரின்ர உயரமும் மாறாது எண்டதை யோசியுங்கோ. மதகில உரசினது அப்பிடியே உரசும். அதின்ர ஷொக் மொன்றோ, நல்ல சாமான், வேகமா ஓடேக்க அற்புதம். இருபதில ஒழுங்கைக்குள்ள ஊரேக்க இறுக்கம்தான். ஷொக்கை மாத்தி உயர்த்தினால் நீங்கள் ஆசைப்பட்ட அந்தத் திரும்பல் போயிடும், அதுக்குப் பிறகு அந்தக் காரை வைச்சு என்ன செய்யிறது?

பாரத்துக்கும் பலத்துக்கும் கணக்குப் பாருங்கோ. ஸ்போர்ட் ஒட்டோ, தொன்னுக்கு 141 பி.எஸ். ஃபிட் ஆர்.எஸ். சி.வி.டி. 1070 கிலோ, தொன்னுக்கு 123. ஸ்விஃப்ட் ஆர்.எஸ். மைல்ட் ஹைபிரிட் (இஞ்சினுக்குச் சின்ன மின்மோட்டர் கொஞ்சம் உதவுறது) 91 பி.எஸ்., 910 கிலோ, சரியா 100. ஃபிட் ஆர்.எஸ். மெல்லிய கார் இல்லை எண்டதுக்குச் சொல்றன். ஸ்விஃப்ட் ஆர்.எஸ். ஷொக்கை ஐரோப்பாக் கணக்கில டியூன் பண்ணியிருக்கு. திரும்பேக்க ஸ்போர்ட்டுக்குக் கிட்ட வரும், ஆனால் அதே பொடி, அதே கைபிடி. அம்மாவுக்கு அங்கயும் அதே கஷ்டம்தான்.

#12 தம்பலகாமத்தான்

அப்ப ஃபிட் ஹைபிரிட்டில எஸ் பக்கேஜ் எண்டு வருதே, அது சந்தையில கூடக் கிடக்கு. அதிலும் 16 இஞ்சி ரிம், பெடல் ஷிஃப்ட் எல்லாம் இருக்கு. பெற்றோலும் மிச்சம்.

#13 பாலையூற்று_கராஜ்

அதில இருக்கிறது 7 கியர் இரட்டைக் கிளச். எண்ணெயில தோயாத, காய்ஞ்ச கிளச். 2013, 2014இல ஜப்பானிலயே அந்தக் கியருக்காகப் பலதரம் திருப்பிக் கூப்பிட்டுத் திருத்தினவங்கள். ஓடிக்கொண்டிருந்தால் ஒரு பிரச்சினையும் தராது. வெயிலில வரிசையில நிண்டு நிண்டு ஊர்ந்தால் கிளச் சூடேறும். எங்கட டவுணில நெரிசல் குறைவு, அதால திருகோணமலையில கன பேர் நிம்மதியா ஓடுகினம். கொழும்புக்கு மாசாமாசம் போற ஆளெண்டால் கொஞ்சம் யோசிக்கவேணும். பற்றரியையும் ஸ்கான் பண்ணிப் பார்க்காமல் எடுக்கக்கூடாது. என்னட்டக் கேட்டால், ஓட்டத்தில ஆசை உள்ளவருக்குப் பெற்றோல் ஃபிட் ஆர்.எஸ். தான்.

#14 நிலாவெளி_ரீச்சர்

தம்பி, "புத்திக்காக" என்று ஆறாங்கியர் எழுதியது என் மனதில் நிற்கிறது. நான் ஃபிட் ஆர்.எஸ்.ஐப் புத்திக்காக எடுக்கவில்லை. அதை ஓட்ட எனக்கு விருப்பம். அவர் சொல்லும் இன்பம் வேறு வகை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மார்கழியில் ஒரு மாலை, ஆறு மணிக்கே இருட்டி, கடல் பக்கமிருந்து மழை சரிந்து அடிக்கும்போது சாம்பல்தீவு தாண்டி வந்து பாருங்கள். ஒரு வளைவில் கட்டாக்காலி மாடுகள் கறுப்பாக நடு றோட்டில் படுத்திருக்கும், டவுணுக்குக் கிட்ட வந்தால் மான் ஒன்று திடீரென்று குறுக்கே வரும். அந்த நேரம் எனக்குத் தேவைப்படுவது காருக்குள்ளிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரிவது, பிரேக் மிதித்த அளவுக்குப் பிடிப்பது, ஸ்டியறிங் தடுமாறாமல் ஒதுங்குவது. முன் தூணுக்குப் பக்கத்தில் ஃபிட்டுக்கு ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. வளைவில் அதனூடாகப் பார்த்து மாட்டைக் கண்டு நின்றிருக்கிறேன்.

வைப்பர் ரப்பரைப் புரட்டாதியில் மாற்றிவிடுங்கள். கச்சான் வெயில் அதைச் சுட்டுக் காய்ச்சிவிடும், முதல் மழையில்தான் கண்ணாடி முழுக்கக் கோடு கோடாக இழுப்பது தெரியும். வாடை மாதங்களில் கிழமைக்கு ஒரு தடவையாவது அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகள் சிலதில் உவர்த் தண்ணீர், அதனால் கழுவினால் உப்பை உப்பால் கழுவியது போலாகிவிடும்.

இன்னொன்று, ஜப்பான் கார் ரேடியோ எஃப்.எம். 76இலிருந்து 90 வரைதான் பிடிக்கும், புதியவை 95 வரை. எங்கள் நிலையங்கள் 108 வரை இருக்கின்றன. பாண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டி போட்டால் சரி. நீண்ட தூரத்துக்கு ரேடியோ இல்லாமல் ஓடுவது எனக்கு முடியாது.

#15 உவர்மலைப்பொடியன்

ஒரு கிழமையா எழுதேல்லை, கார் தேடித் திரிஞ்சன்.

குருநாகலில ஒரு ஃபிட் ஆர்.எஸ். சி.வி.டி. கிடைச்சிருக்கு, 2015. அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனன். காக்கா சொன்ன மாதிரி ஏலத் தாள் எடுத்துப் பார்த்தம், மீற்றரோட ஒத்துவருது, ஆர் (R) போட்டிருக்கேல்லை. சீற் பெல்ட்டை மகன்தான் முழுக்க இழுத்துப் பார்த்தவன், சுத்தம். அங்க ஒரு கராஜில லிஃப்டில ஏத்தினம். பின் பீமில மேலோட்டமாக் கறள் இருக்கு, பிரேக் பைப்பும் ஸ்பிரிங்கும் சுத்தம். தார் அடிச்சிருக்கேல்லை. டயர் நாலும் 2018, பூ இருக்கு.

அம்மா கதவைத் தானாத் திறந்து, குனியாமல் இருந்தவ. மீரிகம பக்கம் அதிவேகப் பாதையில ஏறி நூறில ஓடிப் பார்த்தன். டயர்ச் சத்தம் கேக்குது, கதைக்கக் குரலை உயர்த்தத் தேவையில்லை. திரும்பி வந்து குருநாகல் டவுணுக்குள்ள மனைவி ஓட்டினவ. ஸ்போர்ட் நிலையில போட்டு நான் மிதிச்சுப் பார்த்தன். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின்ர அந்த முதுகில தள்ளுற இழுவை இல்லை. ஆனால் வளைவில வைச்சுத் திருப்பேக்க எனக்குச் சிரிப்பு வந்தது, அது காணும் எனக்கு. ஆறாங்கியர், உங்கட கருத்தை நான் தள்ளிவைக்கேல்லை. மகன் வளர்ந்து அவனும் லைசன்ஸ் எடுக்கிற காலத்தில நானும் உங்களைப் போல ஒண்டு எடுப்பன்.

அட்வான்ஸ் குடுத்தாச்சு. வாற கிழமை கொண்டுவாறன். கராஜ் அண்ணா, முதல்ல என்ன செய்யவேணும்?

#16 ஆறாங்கியர்

வாழ்த்துக்கள் பொடியன். ஃபிட் ஆர்.எஸ். ஒழுங்கான கார், சரியான ஆளுக்குப் போகுது. எடுத்த பிறகு ஒரு ஞாயிறு விடிய கன்னியா றோட்டுப் பக்கம் வாங்கோ, ரெண்டு காரையும் மாறி மாறி ஓடிப் பார்ப்பம்.

#17 பாலையூற்று_கராஜ்

நல்ல தேர்வு தம்பி. டயர் நாலையும் முதல்ல மாத்துங்கோ, 2018 டயரோட இந்த மாரிக்கு இறங்கவேண்டாம். 185/55/16 எந்தக் கடையிலும் இருக்கு, மழைக்கு நல்லதாப் பாருங்கோ. காத்து எவ்வளவு எண்டு ஓட்டுநர் கதவுத் தூணில ஸ்டிக்கர் இருக்கு, அதைக் குளிர்ந்த டயரில பாருங்கோ, வெயிலில ஓடி வந்து பார்த்தால் கூடக் காட்டும்.

சி.வி.டி. ஒயில் எப்ப மாத்தினது எண்டு எழுத்தில இல்லையெண்டால் மாத்தினதில்லை எண்டு எடுத்துக்கொள்ளுங்கோ. ஹொண்டா சொன்ன ஒயில்தான் விடவேணும், வேற ஒண்டும் அந்தக் கியருக்குச் சேராது. கடையில மலிவா ஒண்டைக் காட்டினால் வேண்டாதேங்கோ. இஞ்சின் டைரக்ட் இன்ஜெக்ஷன், பெற்றோலை நேர சிலிண்டருக்குள்ள விசிறுறது, வால்வில கரி பிடிக்கிற வகை. நீங்கள் தினமும் நீள ஓட்டம் ஓடுறதால பெருசாப் பயமில்லை, இஞ்சின் ஒயிலை மட்டும் 5000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாத்துங்கோ. பின் பீமில இருக்கிற கறளைக் கம்பி பிரஸ்ஸால சுரண்டி, கறள் நிப்பாட்டுற பூச்சு அடிச்சு, காய்ஞ்ச பிறகு மெழுகு அடிப்பம். தார் வேண்டாம். அதுக்குக் கார் நல்லாக் காய்ஞ்சிருக்க வேணும், அதால மழை தொடங்க முந்தி செய்யவேணும்.

செவ்வாய் காலமை கொண்டு வாங்கோ, புதன் பின்னேரம் எடுத்துக்கொண்டு போகலாம். அந்த ரெண்டு நாளும் குச்சவெளிக்கு ஓல்ட்டோவில போங்கோ, அதை இன்னும் வித்திருக்கமாட்டீங்கள் எண்டு நினைக்கிறன்.